பொம்மையிடம் பழகிய நர்ஸ்

ஊசி போட வரும் நர்ஸ், பாதி நேரம் பொம்மை நோயாளியிடம் பழகியவர் என்றால் தைரியமாகக் கையை நீட்டலாமா?

அமெரிக்காவில் 2011 முதல் 2013 வரை 10 நர்ஸிங் கல்லூரிகளில் இதை ஆராய்ந்தார்கள். ஏன் 10? ஒரே கல்லூரி என்றால், பலன் பொம்மையாலா, கெட்டிக்கார ஆசிரியராலா என்று தெரியாதே! கஷாயத்தை ஆளுக்கொரு பக்குவத்தில் காய்ச்சினால் மருந்தின் குணம் புரியுமா? அதனால் எல்லா இடத்திலும் ஒரே முறை, ஒரே மதிப்பீடு. ஆசிரியர்களுக்கும் தனிப் பயிற்சி.

மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சி நேரத்தில் பொம்மைக்கு அதிகபட்சம் 10, அடுத்து 25, 50 சதவீதம். முடித்தவர்கள் 666 பேர். அறிவிலும் திறமையிலும் லைசென்ஸ் தேர்விலும் பெரிய வித்தியாசமே இல்லை!

பாதிக்கு மேல் போனால்? அதை அவர்கள் சோதிக்கவில்லை. மகளை நர்ஸிங் சேர்க்கப் போறீங்களா? பொம்மை இருக்கான்னு மட்டும் கேட்காதீங்க. சொல்லித்தர பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்காங்களா, நோயாளி பக்கத்தில் எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்க.