கதிரும் மருந்தும்

கதிரவன் ஒளி உயிர்களுக்கு உறுதுணையாவது போன்றே சிற்சில வேளைகளில் ஊறும் செய்யும். அவ்வூறு ஒளியால் மட்டும் நேர்வதன்று. நாம் உண்ணும் மருந்தும் பூசும் சாறும் அதற்குத் துணைநிற்பதுண்டு. அஃது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்களுள் நிலத்தை வந்தடைவன இருவகைய. 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுடையவை 'பி' வகை. 315 முதல் 400 வரை உடையவை 'ஏ' வகை. 'பி' வகைக் கதிரைத் தோல் உயிரணுவின் டி.என்.ஏ. நேரே ஏற்கிறது. அதனால் இழையில் அடுத்தடுத்துள்ள இரு தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. உயிரணு இப்பிழையை வெட்டி நீக்கிச் சீர்செய்து கொள்ளும். இயலாதபோது மடியும், அன்றேல் பிழையோடு பெருகிப் புற்றுக்கு வழிவகுக்கும்.

'ஏ' வகைக் கதிரை டி.என்.ஏ. மிகக் குறைவாகவே ஏற்கும். ஆயின், ஒளியுணர்வூட்டும் வேதிப்பொருள் தோலில் இருப்பின் நிலை மாறுகிறது. டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் ஒளியாற்றலை ஏற்று, வீரியமிக்க ஆக்சிஜன் வடிவங்களைத் தோற்றுவித்து உயிரணுச் சவ்வைச் சிதைக்கும். சோரலென் வகைப் பொருள்களோ டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே நுழைந்து, கதிர் பட்டதும் இரு இழைகளையும் குறுக்கே தைத்துவிடும். இழை பிரியாவிடின் உயிரணு பெருக இயலாது.

எலுமிச்சையிலும், குளியற்பொடியில் சேரும் கார்போகரிசியிலும் இவ்வகைப் பொருள்கள் உண்டு. எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு கடும் வெயிலில் நின்றால், ஓரிரு நாளில் சிவந்து கொப்புளித்து, பின் கருந்தழும்பாவது இதனாலேயே.

ஊறு செய்யும் இச்செயலையே மருந்தாக்கியோரும் உளர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆந்தலூசிய மூலிகை அறிஞர் இப்னு அல்-பைத்தார், அம்மி மாஜுஸ் என்னும் செடியின் விதையை உண்பித்து வெயிலில் இருத்தி வெண்புள்ளியைப் போக்கும் முறையை எழுதிவைத்தார். 1940களில் எகிப்திய மருத்துவர் எல் மொஃப்தி அவ்விதையினின்று பிரித்த சோரலெனை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தி ஆராய்ந்தார். 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் சோரலெனோடு 'ஏ' வகைக் கதிரை அளந்து செலுத்தி, உயிரணுக்கள் மிகுவிரைவாகப் பெருகும் காளாஞ்சகப்படையைத் தணித்தனர். எனினும், நெடுங்காலம் இம்மருத்துவம் பெற்றோரிடையே தோற்புற்று மிகுதல் பின்னர்த் தெரியவந்தது. அளந்து தந்ததே இவ்வாறாயின் அளவின்றிக் கொள்வதைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

வெண்புள்ளி தொற்றுவதன்று, தொழுநோயுமன்று. 'வெண்குட்டம்' என்னும் பழம்பெயர் தந்த நாணத்தால் மருத்துவரை நாடாது, தாமே கார்போகரிசி எண்ணெயைப் பூசி வெயிலில் நின்று புண்பட்டோர் உளர். ஆதலின் மாணவர்களே, புதிய மருந்து உண்ணுங்கால் வெயில் ஆகுமா என மருத்துவரைக் கேளுங்கள். பிறர் நோயைப் பெயரிட்டழைக்குங்கால் சொல்லையும் அளந்தே வழங்குவோம். கதிர் சுடுவது போலவே சொல்லும் சுடும்.