கேஷ்பேக் கார்டா, பயணப் புள்ளி கார்டா? நம் குடும்பத்துக்கு எது பொருந்தும்



கிரெடிட் கார்டு வாங்கச் சொல்லி இப்போது எல்லா வீட்டுக்கும் போன் வருகிறது. செலவு செய்தால் ஒரு பகுதி பணமாகத் திரும்ப வரும் என்கிறது ஒரு கார்டு. புள்ளிகள் சேர்ந்தால் விமானத்தில் போகலாம் என்கிறது இன்னொன்று. இப்படிப் புள்ளி சேர்த்து உம்ரா போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எனவே இந்த இதழின் பாடமாக இதை எடுத்துக்கொள்கிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வட்டி ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சூரா அல்பகராவின் 275 முதல் 280 வரையுள்ள வசனங்களை வீட்டில் எல்லோரும் பொருளுடன் ஓதிப் பார்க்க வேண்டும். கிரெடிட் கார்டைப் பற்றி ஆலிம்களிடையே இரண்டு கருத்துகள் உள்ளன. 2000 செப்டம்பரில் ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வட்டி நிபந்தனை உள்ள கார்டு கூடாது என்றும், தவணை நாளுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்றும் தீர்மானித்தது. தேவை இருந்து, ஒரு தடவைகூட வட்டி விழாதபடி முழுத் தொகையையும் கட்டுபவர் பயன்படுத்தலாம் என்று கூறும் ஆலிம்களும் இருக்கிறார்கள். உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பாக்கி வைத்து வட்டி கட்டுவதை இரு தரப்பாருமே கூடாது என்கிறார்கள். இனி வரும் கணக்குகளை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இரண்டு வகையும் எப்படி வேலை செய்கின்றன?

கேஷ்பேக் கார்டில் செலவில் ஒரு சதவீதம் போலத் திரும்ப வந்து பில்லில் கழியும். சில இணையக் கடைகளில் 5 சதவீதம் வரை தருவார்கள். ரூபாயாக வருவதால் கணக்கு எளிது.

பயணக் கார்டில் வருவது புள்ளி. 100 ரூபாய்க்கு 2 புள்ளி, ஒரு புள்ளி 25 பைசா என்று வைத்தால் கிடைப்பது 50 பைசாதான். விமான டிக்கெட்டுக்கு மாற்றினால் மதிப்பு கூடலாம். ஆனால் புள்ளிக்குக் காலாவதி உண்டு. அதன் மதிப்பை வங்கி குறைக்கவும் செய்யும். மாற்றுவதற்கே கட்டணம் வாங்கும் வங்கிகளும் உண்டு. ரயில் டிக்கெட்டுக்கு என்றே உள்ள ஐஆர்சிடிசி கார்டிலும் பெரிய சலுகை ஏசி வகுப்புக்குத்தான். ஸ்லீப்பரிலும் பஸ்ஸிலும் போகும் குடும்பத்துக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

இரண்டு வகையிலும் பெட்ரோல், வீட்டு வாடகை, வாலெட்டில் பணம் போடுவது போன்றவற்றுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாதம் 10,000 ரூபாய் செலவுக்கு 1 சதவீத கேஷ்பேக் என்றால் 100 ரூபாய், ஆண்டுக்கு 1,200. ஆண்டுக் கட்டணம் 500 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 590. மிச்சம் 610 ரூபாய்.

இப்போது அந்த 10,000 ரூபாயை ஒரு மாதம் கட்ட முடியவில்லை என்று வையுங்கள். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். ஆண்டுக்கு 42 சதவீதம். ஒரு மாத வட்டி 350, அதன் மீது ஜிஎஸ்டி 63, ஆக 413 ரூபாய். தாமதக் கட்டணம் தனி. இரண்டு மாதம் தவறினால் ஓராண்டுப் பலன் முழுவதும் போய், கையிலிருந்தும் போகும்.

இந்த வட்டிக்கு உச்சவரம்பும் இல்லை. 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

நம் ஊரில் கொய்யா வியாபாரம், விவசாயம், கூலி வேலை என்று வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வருவதில்லை. காய்ப்பு இருக்கும்போது பணம் புழங்கும், இல்லாதபோது முடங்கும். பில்லோ மாதம் தவறாமல் வரும். இப்படிப்பட்ட வருமானம் உள்ளவர்கள் எந்த வகைக் கார்டையும் தவிர்ப்பதே நல்லது.

உம்ராவுக்குப் புள்ளி உதவுமா?

பெரும்பாலோர் உம்ராவுக்கு டிராவல்ஸ் மூலம் மொத்தப் பேக்கேஜில் போகிறார்கள். ஹஜ் கமிட்டி வழியாகப் போனால் விமானத்தைக் கமிட்டியே ஏற்பாடு செய்கிறது. இரண்டிலும் நம் புள்ளியைக் கொடுத்து டிக்கெட் எடுக்க வழியில்லை. மக்காவில் கார்டைத் தேய்த்தால், பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 2 முதல் 3.5 சதவீதமும் அதன் மீது ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். ஒரு சதவீதப் புள்ளிக்காக அதைவிட அதிகம் இழப்போம். மாதம் 1,000 ரூபாயை உம்ராவுக்கென்று தனியே எடுத்து வைத்தால் ஐந்து ஆண்டில் 60,000 சேரும். மேலே பார்த்த கார்டில் அதே ஐந்து ஆண்டில் மிஞ்சுவது சுமார் 3,000தான்.

ஆகவே, மாதச் சம்பளம் உள்ளவர், ஆலிமிடம் கேட்டுத் தெளிந்த பிறகு எடுப்பதாக இருந்தால், நம் குடும்பங்களுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லாத எளிய கேஷ்பேக் கார்டே பொருந்தும். அடிக்கடி விமானத்தில் சொந்தமாக டிக்கெட் எடுப்பவருக்கு மட்டுமே பயணக் கார்டு பயன் தரும்.

எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

1. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாட்டில் 'முழுத் தொகை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'குறைந்தபட்சத் தொகை' என்று இருந்தால் மீதிக்கு வட்டி ஓடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

2. கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி உண்டு.

3. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதை நம்பி இறங்காதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013இல் கூறியிருக்கிறது.

4. கையில் இருக்கும் பணத்துக்கு மட்டும் தேய்க்க வேண்டும். கேஷ்பேக்குக்காகத் தேவையில்லாததை வாங்குவது வீண் விரயம்.

ஏற்கெனவே பாக்கி உள்ளவர்கள்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கார்டைப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள். குடும்பத்தினரிடமோ ஜமாஅத்திடமோ வட்டியில்லாக் கடன் கேட்டு மொத்தமாக அடைக்கப் பாருங்கள். அந்தக் கடனையும் அல்பகரா 282ஆம் வசனம் கற்றுத் தருவதுபோல் எழுதி வையுங்கள். பாக்கி தீர்ந்ததும் கார்டை மூடும்படி எழுத்தில் கேளுங்கள். 7 வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், அதன் பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி உங்களுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது 2022இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. புகார் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

கடன் இல்லாத வாழ்வையும் ஹலாலான வருமானத்தில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.