நோய் வருமுன் டாக்டரைத் தேடி வையுங்கள்

நாய் ரத்தமாக வயிற்றால் போகும் இரவில்தான் நம்மில் பலர் கால்நடை டாக்டரைத் தேடத் தொடங்குகிறோம். அந்த நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ, அங்கேதான் போயாக வேண்டும். குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. வளர்ந்த நாயோ பூனையோ இருக்கிறதென்றால், அது நலமாக ஓடியாடிக்கொண்டிருக்கும் இப்போதே தொடங்கலாம். சென்னையை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கோவை, மதுரை, திருச்சிக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பெயர்களைச் சேர்ப்பது

முதல் வேலை, வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய கிளினிக்குகளை ஒரு தாளில் எழுதுவது. தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், நேரத்தில் பாருங்கள். இரவில் நாயை ஏற்ற மறுக்கும் ஆட்டோக்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதையை மூடிவிட்டால் பக்கத்துப் பேட்டையே எட்டாத ஊராகிவிடும். கிளினிக் மாடியில் இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாத முப்பது கிலோ லாப்ரடாரைக் குறுகலான படியில் தூக்கிக்கொண்டு போக வீட்டில் ஆள் இருக்கிறதா?

யாரிடம் விசாரிப்பது? தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களைத்தான் நான் முதலில் சொல்வேன். வண்டியில் அடிபட்டது, புழு வைத்த புண், குட்டி போட முடியாமல் தவிப்பது என்று எல்லாவற்றையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். எந்த டாக்டர் இரவில் போனை எடுப்பார், யார் பணத்தை முதலில் கேட்பார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பூனைக்கு டாக்டர் தேடினால் பூனை வளர்ப்பவரிடமே கேளுங்கள். நாயை அருமையாகப் பார்க்கும் சிலர் பூனையைத் தொடவே தயங்குவார்கள்.

கூகுளில் உள்ள நட்சத்திரங்களை எண்ணுவதில் பயனில்லை. ஒரே கிளினிக்குக்குப் பல முறை போய் வந்தவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். செல்லத்தை இழந்த துக்கத்தில் எழுதப்பட்டதை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரே குறையை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு மாதங்களில் சொல்லியிருந்தால் அதில் விஷயம் இருக்கிறது.

பட்டியலில் தனியார் கிளினிக்குகள் மட்டும் இருந்தால் போதாது. 1903-ல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் குறைவு, எல்லாத் துறை நிபுணர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள், நாய்களுக்கு ரத்தம் ஏற்ற ரத்த வங்கியும் உண்டு. ஆனால் கூட்டம் அதிகம். காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே டாக்டர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் இப்படிக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஆடு மாடுகளே அதிகம் வரும் என்றாலும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போன்ற அடிப்படை வேலைகளுக்குத் தாராளமாகப் போகலாம்.

பலகையில் இருக்கும் எழுத்துகள்

டாக்டரின் பெயருக்குப் பின்னால் பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். என்ற பட்டம் இருக்க வேண்டும். எம்.வி.எஸ்சி. இருந்தால் எந்தத் துறையில் என்று கேளுங்கள். அறுவை சிகிச்சையா, மருத்துவமா என்பது பின்னால் தேவைப்படும். 1984-ம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அவர் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் மருந்துச் சீட்டிலும் தடுப்பூசிச் சான்றிதழிலும் இருக்கிறதா என்று பாருங்கள். செல்லப்பிராணிக் கடையிலும் குட்டி விற்பவர் வீட்டிலும் ஊசி போடும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே போட்ட ஊசிக்குக் கணக்கே கிடையாது. மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் எடுக்கும்போதும் அங்கே கொடுத்த தடுப்பூசி அட்டை செல்லாது.

நாயில்லாமல் ஒரு முறை

மாலையில், கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, நீங்கள் மட்டும் போங்கள். வரவேற்பறையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் நிறையத் தெரிந்துவிடும். ஏசியையும் சோபாவையும் பார்க்காதீர்கள், ஒரு நாயை இறக்கிய பிறகு மேசையைத் துடைக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பார்வோ வந்த குட்டிக்கு ட்ரிப்ஸ் எங்கே ஏற்றுவீர்கள்?"

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புகிறேன். பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண பினாயில் அதை ஒன்றும் செய்யாது. பிளீச் போன்ற குளோரின் கரைசலில் ஊற வைத்துத்தான் கொல்ல வேண்டும். தடுப்பூசி போட வந்த ஆறு வாரக் குட்டியும், ரத்தமாகக் கழியும் குட்டியும் அடுத்தடுத்த பெஞ்சில் இருந்தால், தடுப்பூசிக்குப் போன இடத்திலேயே நோயை வாங்கி வரலாம். "அதற்குத் தனி அறை இருக்கிறது" என்றோ, "இங்கே சேர்ப்பதில்லை, இன்ன இடத்துக்கு அனுப்பிவிடுவோம்" என்றோ சொன்னால் நல்லது. "எல்லாம் இங்கேதான்" என்று அதே மேசையைக் காட்டினால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். எவ்வளவு பேர்போன இடமாக இருந்தாலும் சரி.

தடுப்பூசி நாளில் கவனிக்க வேண்டியவை

ஒரு டாக்டரை எடைபோட நல்ல சந்தர்ப்பம் தடுப்பூசி போடும் நாள்தான். நோய் இல்லை, பதற்றம் இல்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

உள்ளே போனதும் எடை பார்க்கிறார்களா? மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். "ஒரு பத்து கிலோ இருக்குமா?" என்று கண்ணால் அளப்பவர் மயக்க மருந்தையும் அப்படியே அளப்பாரோ என்ற சந்தேகம் வரும். அடுத்து, ஊசிக்கு முன் குட்டியைத் தொட்டுப் பார்க்கிறாரா? உதட்டை விலக்கி ஈறின் நிறத்தைப் பார்ப்பது, தெர்மாமீட்டர் வைப்பது, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப், வயிற்றை அமுக்கிப் பார்ப்பது, காதுக்குள் ஒரு பார்வை. இவ்வளவுக்கும் சில நிமிடங்கள் போதும். காய்ச்சலோடு இருக்கும் குட்டிக்கு அன்று ஊசி போடாமல் திருப்பி அனுப்புகிறவர் நல்ல டாக்டர்.

பிறகு மருந்து. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து உங்கள் கண்ணெதிரே எடுக்கிறார்களா என்று பாருங்கள். கூட்டுத் தடுப்பூசி பெரும்பாலும் இரண்டு குப்பியாக வரும். ஒன்றில் வெள்ளையாக உலர்ந்த வில்லை, மற்றொன்றில் திரவம். திரவத்தை வில்லையில் செலுத்தி, குலுக்கிக் கரைத்து, உடனே போட வேண்டும். குப்பியின் லேபிளை உரித்து உங்கள் அட்டையில் ஒட்டுவார்கள். அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். லேபிள் ஒட்டாமல் வெறும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் லேபிளைக் கேட்டு வாங்குங்கள். மின்வெட்டு வந்தால் குளிர்பெட்டிக்கு என்ன ஏற்பாடு என்றும் கேட்கலாம்.

அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுக்கிறார்களா என்பதும் முக்கியம். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பிறகு பதினாறு வாரம் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று. வெறிநாய்க்கடிக்கு மூன்று மாதத்தில் தொடக்கம். ஒரே ஊசியில் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பூனையோடு போகிறவர்களுக்கு

பூனை பாதிச் சண்டையை வரவேற்பறையிலேயே போட்டுவிடும். பூனைக்கென்று தனி மூலையோ தனி நேரமோ உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், வண்டியிலேயே காத்திருந்து முறை வரும்போது வரலாமா என்று கேளுங்கள். கூடையின் மேல்மூடியைத் திறந்து, துண்டு போர்த்தியபடியே பரிசோதிக்கத் தெரிந்தவர் பூனை பழகியவர். எடுத்த எடுப்பில் பிடரியைப் பிடித்துத் தூக்குகிறவரிடம் அடுத்த முறை உங்கள் பூனை நிச்சயம் வராது.

இரண்டு விஷயங்களைப் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். பூனைக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாமா? கூடவே கூடாது, அது விஷம். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பூனைக்கும் தடவலாமா? பெர்மெத்ரின் கலந்ததைத் தடவினால் உயிர் போகும். இந்த இரண்டுக்கும் தயங்காமல், சற்றுப் பதற்றத்தோடு "வேண்டாம்" என்று சொல்கிறவரிடம் தைரியமாகப் பூனையை ஒப்படைக்கலாம்.

உண்ணிக் காய்ச்சலும் அரிப்பு ஊசியும்

நம் ஊர் வெப்பத்தில் உண்ணிக்கு ஆண்டு முழுவதும் கொண்டாட்டம். எர்லிக்கியா, பபீசியா என்ற உண்ணிக் காய்ச்சல்கள் இரண்டும் அடிக்கடி வரும். நாய் சோர்ந்து, தீனி எடுக்காமல், ஈறு வெளுத்திருந்தால் நல்ல டாக்டர் ரத்தம் எடுப்பார். தட்டணுக்களை எண்ணச் சொல்வார். சிலர் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு, அங்கேயே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கிளினிக்கில் நுண்ணோக்கி இருக்கிறதா, ரத்தப் பரிசோதனை முடிவு அன்றே வருமா என்று கேளுங்கள். சொந்த ஆய்வகம் இல்லாவிட்டாலும் குறையில்லை. எந்த ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள், எத்தனை மணிக்குள் அனுப்புகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

சொறிந்துகொண்டே போகும் நாய்க்கு, காரணம் தேடாமல் ஒவ்வொரு முறையும் ஒரு ஊசி போட்டு அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பல நேரம் அது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், சில வாரத்தில் திரும்பி வரும். போட்ட ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கிளினிக்கைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இரவு இரண்டு மணி

"24 மணி நேரம்" என்று பலகையில் இருந்தால், இரவில் டாக்டர் இருப்பாரா, உதவியாளர் மட்டும் இருப்பாரா என்று நேரடியாகக் கேளுங்கள். உள்ளே சேர்த்த நாயின் ட்ரிப்ஸை இரவில் யார் பார்க்கிறார்கள்? விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் போகும் இடத்தில் நாயை விட்டு வருவதைவிட, வீட்டில் வைத்துக்கொண்டு காலையில் கொண்டு போவதே பல நேரம் மேல். டாக்டரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

காலைவரை காத்திருக்க முடியாத சில நிலைகள் உண்டு. ஆண் பூனை மணல்தட்டில் முக்கிக்கொண்டே இருந்து சிறுநீர் வராமல் போவது, பெரிய நாயின் வயிறு திடீரென உப்பி வாந்தி வராமல் குமட்டுவது, கோடையில் மூச்சிரைத்துச் சுருண்டு விழுவது. இவை ஒவ்வொன்றையும் சொல்லி, "ராத்திரியில் இப்படி ஆனால் உங்களிடம் வரலாமா, வேறு எங்கே போகட்டும்?" என்று கேளுங்கள். "என்னால் முடியாது, நேரே வேப்பேரிக்குப் போங்கள்" என்று ஒரு சின்னக் கிளினிக் டாக்டர் சொன்னால் அவர் மேல் மரியாதை கூட வேண்டும். தன் எல்லையை அறிந்து நேரத்தோடு அனுப்பிவைக்கும் டாக்டரால்தான் உயிர்கள் பிழைக்கின்றன.

கருத்தடைக்கு விலை கேட்கும்போது

ஒரு கிளினிக்கில் சொல்லும் தொகை இன்னொன்றில் இரண்டு மடங்காக இருக்கும். தொகையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். அதற்குள் என்னென்ன அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனை, நரம்பில் ஊசி வைத்துத் திரவம் ஏற்றுவது, வலி மருந்து, கழுத்தில் மாட்டும் கூம்பு, தையல் பிரிப்பது. மயக்கம் ஊசியாலா, ஐசோஃப்ளூரேன் வாயுவாலா? மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்களா? மயக்கத்தில் இருக்கும்போது இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டும் கருவி உண்டா? கண் விழிக்கும்வரை யார் பக்கத்தில் இருப்பார்கள்?

பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு இந்தக் கேள்விகள் உயிர்ப் பிரச்சினை. சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஒட்டிய உடம்பும் குறைந்த கொழுப்பும் உள்ள வேட்டை நாய் வகைகளுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய அதிக நேரம் எடுக்கும். அந்த டாக்டர் இந்த இன நாய்களுக்கு முன்பு ஆபரேஷன் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

மொத்தச் செலவை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்றும் சொல்லலாம். அதைக் கேட்டு முகம் சுளிக்காமல், "அப்படியானால் முதலில் இதைச் செய்வோம், அது அவசியமில்லை" என்று பிரித்துச் சொல்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

முடிவு செய்வது

இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று பக்கத்திலேயே, உங்கள் நாயையும் பூனையையும் பெயர் சொல்லி அழைக்கும் டாக்டர். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், காது, தோல் எல்லாம் அங்கே. மற்றொன்று எக்ஸ்ரே, ஸ்கேன், இரவு டாக்டர் உள்ள பெரிய இடம். அங்கே ஒரு முறையாவது சும்மா காட்டி, பதிவு அட்டை போட்டு வையுங்கள். நெருக்கடியில் வழி தேடவும் படிவம் நிரப்பவும் நேரம் போகாது.

இரண்டு இடத்துக்கும் ஒரே கோப்பு. தடுப்பூசி அட்டை, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஸ்கேன் படங்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் தாளைக் கேட்டு வாங்குங்கள், செல்போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரை மாற்ற நேர்ந்தால் சண்டை எதுவும் வேண்டாம். பழைய சீட்டுகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு புதியவரிடம் முழுவதையும் காட்டுங்கள். பழையவர் கொடுத்த மருந்தை மறைத்தால் அவதிப்படப்போவது வாயில்லா ஜீவன்தான்.

இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவர் அம்மாவாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். கோப்பு எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.