இல்லத்தில் தொடங்கும் சீலம்

பஞ்சசீலத்தைப் பாலிமொழியில் பிழையின்றி ஒப்புவிக்கும் சிறுவர் நம்மிடையே உளர். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், கடன் கொடுத்தவர் வாயிலில் நிற்கையில், “அப்பா வீட்டில் இல்லை என்று சொல்” என அக்குழந்தையையே ஏவுவோமாயின், நான்காம் சீலம் அதன் நாவில் மட்டுமே நிற்கும்; நெஞ்சில் இறங்காது.

பகவான் புத்தர் தம் மைந்தர் இராகுலருக்கு அம்பலட்டிகையில் புகட்டிய பாடம் மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆம் சுத்தத்தில் உள்ளது. அப்போது இராகுலருக்கு வயது 7 என்பர் உரைகாரர். கால் கழுவியபின் கலத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டி, அறிந்தே பொய்யுரைக்க நாணாதவரின் துறவும் அத்துணைச் சிறிதே என்றார் பகவான். பின் அந்நீரைக் கொட்டினார், கலத்தைக் கவிழ்த்தார், நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல, ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும், தனக்கோ பிறர்க்கோ தீங்கு தருமோவென ஆராயப் பணித்தார்.

அன்றாடம் புழங்கும் கலமே அங்குப் பாடநூலாயிற்று. நாமும் இரவில் உறங்குமுன் குழந்தைகளுடன் சிறிது அமர்ந்து, அன்று செய்தவற்றையும் சொன்னவற்றையும் எண்ணிப் பார்க்கப் பழக்குவோம். குற்றத்தை மறையாது உரைக்கும் பிள்ளையை அடித்தலாகாது. அடிக்கு அஞ்சியே பொய் பிறக்கின்றது. பெற்றோர்க்குச் சிகாலோவாத சுத்தம் வகுத்த ஐந்து கடமைகளுள் முதலாவது, மக்களைத் தீமையினின்று விலக்குதலாகும்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரும் இலட்சக்கணக்கானோரும் தம்மத்தைத் தாமே ஆராய்ந்து ஏற்றனர். நம் மக்களுக்கோ அது வீட்டில் கிடைக்கின்றது. ஆயினும் தம்மம் பிறப்பால் வாராது. நாள்தோறும் பழகும் ஒழுக்கத்தாலேயே வரும்.