மீட்டரைக் கண்ணால் படிப்போம், கையால் திறவோம்

முன்னாளில் பல தோட்டங்களில், மாலையில் மின்னாக்கி இயந்திரம் ஓடும் வரையில்தான் லயங்களில் விளக்கு எரிந்தது. செலவைப் பற்றி நாம் கணக்குப் பார்த்ததில்லை. இன்று வீட்டுக்கு வீடு மீட்டர் உண்டு. மாதந்தோறும் கட்டணச் சீட்டும் உண்டு. தொகை கூடினால், "மீட்டர் பொய் சொல்கிறது" என்கிறோம். அது மெய்யா பொய்யா என்பதை நாமே ஓரளவு சோதித்தறியலாம்.

ஆயிரம் வாட் கருவியொன்று ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஒரு கிலோவாட் மணி. அதுவே ஒரு யூனிட். மீட்டர் காட்டுவது இதுவரை செலவான மொத்த யூனிட்டுகளை. இன்று 4512, அடுத்த மாதம் இதே நாளில் 4698 என்றால், நம் செலவு 186 யூனிட். தசமப் புள்ளிக்கு வலப்புறம் உள்ள எண்ணை விட்டுவிடுதல் வேண்டும். அதையும் சேர்த்துப் படித்தால் கணக்குப் பன்மடங்கு பிழையாகும். நம் குறிப்பைக் கட்டணச் சீட்டிலுள்ள எண்களோடு ஒப்பிடுவோம். சில மாதங்களில் மீட்டரைப் பாராமல் மதிப்பீடாகவும் சீட்டு வரக்கூடும் என்பதை மறவாதிருப்போம்.

தனி ஒரு கருவியின் சக்தியையும் அளக்கலாம். மின்னணு மீட்டரில் ஒரு சிறு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். யூனிட்டுக்கு 1000 முறை மின்னும் என்று மீட்டரின் முகப்பில் குறித்திருந்தால், மற்ற கருவிகளை நிறுத்திவிட்டு, நீர் நிரப்பிய மின்கெண்டியை மட்டும் இயக்கி, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என எண்ணுவோம். அதை 60ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 33 முறை மின்னினால் ஏறத்தாழ 2000 வாட். கெண்டியின் அடியில் குறித்த அளவோடு சிறு வேறுபாடு இருப்பது இயல்பே. குளிர்பதனப் பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் விட்டுவிட்டு இயங்குவன. ஒரு நிமிட அளவு அவற்றுக்குப் பொருந்தாது.

இனி, எல்லா விளக்குகளையும் விசிறிகளையும் நிறுத்தி, பிளக்குகளையும் கழற்றிவிட்டுப் பார்ப்போம். மின்னுதல் நின்றுவிட வேண்டும். சில மீட்டர்களில் அவ்விளக்கு அணையாமல் ஒரே சீராக எரியும். அதுவும் செலவில்லை என்பதற்கே அடையாளம். ஆனால் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தால், எங்கோ மின்கசிவு இருக்கலாம். நம் கம்பியில் வேறு இணைப்புச் சேர்ந்திருக்கலாம். இதைக் கண்டும் வாளாவிருத்தல் ஆபத்தாகும்.

அப்போதும் நாமே மூடியைத் திறக்கலாகாது. பால் வெட்டித் திரும்பும் நம் கைகள் ஈரம். கால்கள் பெரும்பாலும் வெறுங்கால்கள். 230 வோல்ட் மின்சாரம் அத்தகைய உடலில் எளிதாகப் பாயும், உயிரையும் பறிக்கும். முத்திரையை உடைத்து மீட்டரில் கை வைப்பது 1990ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டப்படி குற்றமுமாகும். கம்பியில் மாட்டி அளக்கும் கருவிகள் தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளருக்கே உரியவை. மீட்டரில் ஐயம் இருந்தால் மின்வாரியத்துக்கும், வீட்டுக் கம்பியில் ஐயம் இருந்தால் மின்பணியாளருக்கும் தெரிவிப்போம்.

மின்கசிவுத் தடுப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை, உலர்ந்த கையால் அழுத்துவோம். உடனே மின்சாரம் நின்றால் நன்று. நில்லாவிடில் அது நம்மைக் காக்காது. மீட்டரின் எண்ணைக் குறிக்கும் நாளையே இதற்கும் உரிய நாளாகக் கொள்வோமாக.