அநுதாபம் என்னுஞ் சொல்

ஒருவர் இறந்தாரெனக் கேட்டவிடத்து, "எமது ஆழ்ந்த அநுதாபத்தைத் தெரிவிக்கின்றோம்" என்றெழுதி விடுத்தல் இக்காலத்தார் வழக்கு. அச்சொல்லின் பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அநுதாபம் வடசொல். தாபமாவது வெப்பம். அநு என்பது பின், தொடர்ந்து என்னும் பொருளது. ஆகவே, செயல் முடிந்தபின் செய்தவன் நெஞ்சைச் சுடுவதே அநுதாபம். வடநூலார் இப்பொருளிலேயே, பச்சாத்தாபம் என்பதற்கு இனமாக, அதனை ஆள்வர். தமிழிலோ அது பிறர் துன்பங்கண்டு உடன்வருந்துதற்குப் பெயராயிற்று. (பச்சாத்தாபமும் பேச்சுவழக்கில் அவ்வழியே சென்றது.) இதனை வழுவென்று தள்ளுவாருமுளர். யாம் அவ்வாறு கருதேம். இரங்குதல் என்னுந் தமிழ்ச்சொல்லும் அவ்விரு பொருளும் உடைத்து. பிறர்பொருட்டு இரங்குதல் இரக்கம். தான் செய்தது நினைந்து இரங்குதல் கழிவிரக்கம். வினைத்தூய்மை அதிகாரத்துத் திருவள்ளுவர் கூறிய இரங்குதல் பின்னையது.

இரு பொருளும் ஒருங்கே விளங்குதற்குப் புத்தளக் கடலோரத்துக் கற்பிட்டி தக்க சான்றாம். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப்புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்தம் வீட்டுமொழியுந் தமிழே. மன்னார்த்தீவினர் பலர் தோணிகளிற் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். அவ்வூராரும் புத்தளத்தாரும் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் அவர்க்குத் திறந்துவிட்டனர், சோறு சமைத்தளித்தனர். தமிழ்வழக்கிலுள்ள அநுதாபம் இதுவே. மற்றை அநுதாபம் எவர்க்குரியதெனின், வெளியேற்றினார்க்கும், அதனைக் கண்டும் வாளாவிருந்த அயலார்க்கும் உரியது.

ஈண்டுச் சொல்வழக்கிற் கருத்து வேண்டும். அயலிருந்தோர் அம்மக்களை நோக்கி, "உங்கள்பால் அநுதாபப்படுகின்றோம்" என்பாராயின், கேட்போர் அதனை வெறும் இரக்கமென்றே கொள்வர். புயலால் வந்த கேட்டிற்கு அச்சொல் அமையும்; மனிதர் செய்த கேட்டிற்கு, அதிற் பங்குடையார் வாயில் அஃது அமையாது. செய்தது அல்லது செய்யாதுவிட்டது இன்னதெனக் கூறி, "அதற்கு வருந்துகின்றோம்" என வெளிப்பட மொழிதலே முறை. 2002 ஏப்பிரலில் அவ்வியக்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. பதினோராண்டு கடந்து வந்த சொல் அது.

இனி, "அநுதாபங்கள்" எனப் பன்மையாக்குதல் ஆங்கிலவழக்கின் நிழல். இரக்கம் எண்ணப்படும் பொருளன்று. "அநுதாபம்" என ஒருமையிற் கூறினாற் போதும். நேரிற் சென்று துக்கம் விசாரிப்போர்க்கு அதுதானும் வேண்டுவதில்லை.