பெர்த்திலிருந்து லண்டனுக்கு ஒரு நூல்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரிலிருந்து லண்டனுக்கு ஆகாய விமானம் எங்கும் இறங்காமல் செல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? புவியியல் வகுப்பில் சிஸ்டர் இக்கேள்வியைக் கேட்டு, கரும்பலகையில் ஒரே ஒரு குறிப்பை எழுதினார்: புறப்பாடு பெர்த்தில் மாலை 6.45, வந்து சேர்வது லண்டனில் மறுநாள் காலை 5.05.

"10 மணி 20 நிமிடம்!" என்று எங்களில் பாதிப்பேர் கையைத் தூக்கினோம். சிஸ்டர் சிரித்தார். இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரம் காட்டும் நேரம் என்பதை மறந்துவிட்டோம். கோடைக்காலத்தில் லண்டன் கடிகாரம் பெர்த் கடிகாரத்திற்கு 7 மணி நேரம் பிந்தியது. ஆகவே உண்மைப் பயணம் 17 மணி 20 நிமிடம்.

அடுத்து தூரம். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அளவுகோலை வைத்தோம். கோடு மாலத்தீவுப் பக்கமாக அரபிக் கடலுக்குள் சென்றது. தட்டையான படத்தை நம்பாதீர்கள் என்று சொல்லி, சிஸ்டர் உலக உருண்டையையும் ஒரு தையல் நூலையும் கொடுத்தார். பெர்த்தில் ஒருத்தி பிடிக்க, லண்டனில் ஒருத்தி பிடித்து இறுக்கி இழுத்தோம். என்ன வியப்பு! நூல் இந்து மாக்கடலைத் தாண்டி இலங்கையில் ஏறி, நம் இராமநாதபுரம், மதுரைப் பக்கமாகப் போய், கோவா அருகே கடலில் இறங்கி, ஈரானையும் கருங்கடலையும் கடந்து லண்டனைத் தொட்டது. அதுவே மிகக் குறுகிய வழி. நூலின் நீளம் 34 செ.மீ.; உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. எனக் கொண்டு கணக்கிட்டால் ஏறக்குறைய 14,500 கி.மீ. வருகிறது.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 16 மணி நேரம் போதுமே! மீதி நேரம் எங்கே போயிற்று? விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசுகிறது. லண்டனுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பும்போது பின்னிருந்து தள்ளும் காற்று. அதனால் திரும்பும் பயணம் அரைமணி நேரம் போலக் குறைகிறது. போர் நடக்கும் நாடுகளின் வான்வெளியைச் சுற்றிச் சென்றாலோ நூல் காட்டும் வழியும் பயன்படாது.

1947 டிசம்பரில் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்குத் தொடங்கிய விமானப் பயணம் 4 நாள் பிடித்தது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என இறங்கி இறங்கிச் சென்றது. பெர்த்திலிருந்து எங்கும் இறங்காத பயணம் 2018 மார்ச்சில்தான் தொடங்கிற்று. 2024 ஏப்ரலில் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டி வந்தபோது, பாதை நீண்டதால், லண்டனுக்குச் செல்லும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள நேர்ந்தது. லண்டனிலிருந்து பெர்த் திரும்பிய விமானம் மட்டும் எங்கும் இறங்கவில்லை. அது ஏன் என்று சிஸ்டர் கேட்டபோது, இம்முறை வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னோம்: "காற்று, சிஸ்டர்!"